மாட்டனும் ஏலாதும்

பின்னேரம் கேத்தில் கொதிக்கிற நேரம் பார்த்து மருமகள் வந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் தமிழ் படிக்கிறாள். ஒப்பியல் பாடத்துக்காக ஒரு ஆங்கிலச் சிறுகதையின் போட்டோப் பிரதியும் ஒரு கொப்பியும் கையில் இருந்தன. நான் பிளேன்ரீ ஊற்றிப் பனங்கட்டித் துண்டு இரண்டை வைத்தேன். அவள் சந்தியில் வாங்கி வந்த பருத்தித்துறை வடையைத் தட்டில் கொட்டினாள். விறாந்தையில் கடற்காற்று தாள்களைப் பறக்கவிடப் பார்த்தது. தாள்களுக்கு மேல் வடைத் தட்டைப் பாரமாக வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினோம்.

"மாமா, இந்தக் கதையிலை ஒண்டுமே நடக்கேல்லை. ஒரு பெட்டை யன்னலுக்குப் பக்கத்திலை இருந்து யோசிக்கிறாள். பிறகு துறைமுகத்துக்குப் போறாள். கப்பல் ஏறாமல் நிக்கிறாள். முடிஞ்சுது. இதிலை என்னத்தை எழுதுறது?"

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி இப்படி இருந்தது: ஈவ்லின் தன் காதலனோடு போக மறுத்தாள்.

"எல்லாம் சரி பிள்ளை. கடைசிச் சொல்தான் பிழை," என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பேசி முடிக்க இரண்டாம் தரமும் தேத்தண்ணி போட வேண்டி வந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றும் நடக்காத கதைகளை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் மூடி வைத்த வேறு யாருக்கும் இது உதவக்கூடும்.

கதை ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘ஈவ்லின்’. 1904 செப்டம்பரில் டப்ளினில் ஒரு விவசாய வாரப் பத்திரிகையில் முதலில் வெளிவந்தது. பத்து வருடம் கழித்து, 1914இல், ‘டப்ளினர்கள்’ என்ற தொகுப்பின் பதினைந்து கதைகளுக்குள் ஒன்றாக இடம்பிடித்தது. அச்சில் சில பக்கங்கள்தான்.

ஈவ்லினுக்குப் பத்தொன்பது வயது கடந்துவிட்டது. தாய் இறந்துவிட்டாள். தகப்பன் குடிக்கிறவன், கை நீட்டக்கூடியவன். கடையில் வேலை செய்து வாரம் கிடைக்கும் ஏழு ஷில்லிங்கையும் அவனிடம் கொடுத்துவிட்டு, சமையல் சாமான் வாங்க அவனிடமே காசுக்கு நிற்கிறாள். பிராங்க் என்ற கப்பற்காரன் அவளை விரும்புகிறான். கனடாவுக்குப் போகும் கப்பலில் எடுபிடிப் பையனாகத் தொடங்கி, இப்போது புவெனஸ் ஐரிசில் வீடு வைத்திருப்பதாகச் சொல்கிறான். அவளைக் கலியாணம் செய்து அங்கே கொண்டுபோக நினைக்கிறான். இரவுக் கப்பலுக்கு இடமும் எடுத்தாகிவிட்டது. அவள் வீட்டாருக்கு இரண்டு கடிதம் எழுதி மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருக்கிறாள். அடுத்த காட்சி துறைமுகம். பிராங்க் கையைப் பிடித்துக் கூப்பிடுகிறான். அவள் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். கதை அங்கே முடிகிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஒருவர் ஒன்றைச் செய்யாமல் விட்டதைச் சொல்ல எங்கள் ஊர்த் தமிழில் மூன்று வழி இருக்கிறது. ‘போகமாட்டன்’ என்பது ஒன்று. அதற்குள் ஒரு முடிவு இருக்கிறது. சொல்பவர் நிமிர்ந்து நிற்கிறார். ‘போகேல்லை’ என்பது இன்னொன்று. அது வெறும் தகவல், பள்ளிக்கூட இடாப்பில் விழும் கோடு மாதிரி. மூன்றாவது, ‘போக ஏலாமல் போச்சு’. இதைச் சொல்பவர் தனக்கு நடந்ததைத் தானே பக்கத்தில் நின்று பார்த்தவர்போலப் பேசுகிறார். இலக்கணத்தைக் கவனியுங்கள். ‘நான் மாட்டன்’ என்று சொல்கிறோம். அங்கே நான் எழுவாய். ஆனால் ‘எனக்கு ஏலாது’ என்றுதான் சொல்கிறோம். எழுவாயின் கதிரையிலிருந்து அந்த ஆள் இறங்கிவிட்டார். செயல் அவர் கையில் இல்லை. அவருக்கு நேர்கிற ஒன்றாக ஆகிவிட்டது.

‘மறுத்தாள்’ என்பது மாட்டனின் குடும்பத்துச் சொல். மறுப்பது ஒரு செயல். அதற்கு ஒரு தெளிவும் துணிவும் வேண்டும்.

மருமகள் விடவில்லை. "கடைசியிலை அவள் மனசுக்குள்ளை மூண்டு தரம் ‘இல்லை’ எண்டு கத்துறாளே மாமா. அது மறுப்பில்லையோ?"

நல்ல கேள்வி. தாளை எடுத்து அடுத்த அடியைக் காட்டினேன். மூன்று ‘இல்லை’க்கும் பின்னால் உடனே வருவது, அது நடக்கவே முடியாத காரியம் என்ற எண்ணம். ‘நான் வரமாட்டேன்’ என்ற வாக்கியம் கதையில் எங்கும் இல்லை. அதன்பிறகு நாம் பார்ப்பது கம்பியை இறுக்கும் கைகளை, வெளிறிய முகத்தை, அன்போ விடையோ காட்டாத கண்களை. கையும் முகமும் கண்ணும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்திருந்த அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள். இதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: விறைத்துப்போதல். அது குளிரிலும் வரும், பயத்திலும் வரும், செய்தி கேட்டும் வரும்.

ஜாய்ஸ் இதைத் தற்செயலாக எழுதவில்லை. தன் நகரம் முழுவதும் ஒரு வாத நோயில் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது. பதிப்பாளருக்கு 1906இல் எழுதிய கடிதத்தில், டப்ளினைக் கதைக்களமாக எடுத்ததற்கு அந்த நோயின் நடு மையமாக நகரம் தெரிந்ததே காரணம் என்ற கருத்தைச் சொன்னார். தொகுப்பின் முதற்கதையில் உண்மையாகவே பாரிசவாதம் வந்து கிடக்கும் ஒரு பாதிரியார் வருகிறார். அடுத்தடுத்த கதைகளில் உடம்புக்கு வந்தது மனதுக்கு வருகிறது.

முடிவெடுக்க முடியாமை எங்கள் இலக்கியத்துக்குப் புதியதல்ல. திருக்குறளில் வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆராய்ந்து துணிய வேண்டும், துணிந்தபின் தாழ்த்தக் கூடாது என்பது அங்கே அறிவுரை. குருசேத்திரத்தில் அருச்சுனனுக்கு நேர்ந்ததும் இதுதான்: உடல் நடுங்குகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது, தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் அவன் முன்னால் ஒரு தேர்ப்பாகன் இருந்தான். பதினெட்டு அத்தியாயம் பொறுமையாகப் பேசி அவனை எழுப்பி நிறுத்தினான்.

நவீன சிறுகதையில் அந்தத் தேர்ப்பாகனின் இடம் வெறுமையாக இருக்கிறது. துறைமுகத்தில் ஈவ்லினும் மன்றாடுகிறாள். தன் கடமை எது என்று காட்டும்படி கடவுளிடம் கேட்கிறாள். பதிலுக்குக் கேட்பது கப்பல் மணிதான். பழைய கதை கேட்பவரைத் துணியச் சொல்லும். இந்தக் கதை துணிய முடியாதவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டும் வேண்டியதுதான். ஆனால் இரண்டாவது வேலையை அதற்குமுன் இவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் குறைவு.

அதனால்தான் கதையின் கட்டும் மாறிவிடுகிறது. எங்கள் ஊர்த் தெருமூடி மடத்தை மருமகளுக்கு நினைவுபடுத்தினேன். தும்பளைப் பக்கம் போகும் வீதிக்கு மேலே கூரை போட்டுக் கட்டிய கல்மடம் அது. நடுவில் வீதி போகிறது. இரண்டு பக்கமும் திண்ணை. சம்பவக் கதை அந்த வீதி மாதிரி. ஒரு முனையில் புகுந்தால் மறுமுனையில் கொண்டுபோய் விடும். ஈவ்லின் போன்ற கதை எங்களைத் திண்ணையில் இருத்துகிறது. வீதி கண்முன்னே ஓடிக்கொண்டிருக்க, இருந்த இடத்தில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. ஆகவே ‘அடுத்து என்ன நடந்தது’ என்று கேட்டு இதை வாசித்தால் ஏமாற்றம்தான். ‘எது இவளைப் பிடித்து வைத்திருக்கிறது’ என்று கேட்டால், ஒவ்வொரு வரியிலும் ஒரு பதில் கிடைக்கும்.

தூசியிலிருந்து தொடங்குவோம். யன்னல் திரையின் தூசி மணம் கதையின் முதல் வரிகளிலேயே அவள் மூக்கில் ஏறுகிறது. அந்த வீட்டுச் சாமான்களை வாரம் ஒருமுறை, எத்தனையோ வருடமாக, அவள்தான் துடைக்கிறாள். இவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிறாள். வெறுப்பாக இருக்க வேண்டிய அந்த வேலை வழியாகத்தான் வீடு அவளுக்குச் சொந்தமாகியிருக்கிறது. கதிரையின் ஒவ்வொரு மூலையையும் விரல் அறியும்.

சுவரில் மஞ்சளாகிப்போன ஒரு பாதிரியாரின் படம். அவர் இப்போது மெல்பேணில் இருக்கிறார் என்று மட்டும் தகப்பன் வருகிறவர்களுக்குச் சொல்வான். இத்தனை வருடமாகத் தூசி தட்டியும் அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. ஊரைவிட்டுப் போனவர்கள் சுவரில் பெயரில்லாத படமாகிறார்கள் என்பதை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீடுகளிலும் ஸ்காபரோவிலும் லண்டனிலும் எடுத்த படங்கள் சுவரில் மஞ்சளாகின்றன. அந்த வரியை இங்கே இருந்து வாசிக்கும்போது டப்ளின் தூரம் குறைந்துவிடுகிறது.

பிறகு பாட்டு. தெருவில் ஒருவன் வாத்தியப் பெட்டி வாசிக்கிறான். தாய் சாகக் கிடந்த கடைசி இரவில் கேட்ட அதே மெட்டு. அன்றைக்குத்தான் அவள் தாய்க்கு ஒரு வாக்குக் கொடுத்தாள்: இயன்றவரை இந்த வீட்டைச் சிதறவிடாமல் வைத்திருப்பேன் என்று. அந்தத் தாயின் வாழ்க்கை சின்னச்சின்னத் தியாகங்களாலேயே நிரம்பி, கடைசியில் சித்தம் கலங்கி முடிந்தது. ஒரே மெட்டு அவளை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. தாய்க்குச் சொன்ன வாக்கை நினைப்பூட்டுகிறது. தாயைப்போல முடிந்துவிடக் கூடாது என்ற திகிலையும் எழுப்புகிறது. அந்தத் திகிலில்தான் அவள் தப்பவேண்டும் என்று துடித்து எழுந்து நிற்கிறாள்.

இங்கே ஜாய்ஸ் செய்த ஒரு காரியத்தை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். எழுந்து நின்றவள் அடுத்த வரியில் துறைமுகச் சனக்கூட்டத்துக்குள் நிற்கிறாள். வீட்டுப் படி இறங்கியது, பெட்டியை எடுத்தது, தெருவில் நடந்தது, பிராங்கைச் சந்தித்தது ஒன்றும் இல்லை. வேறொரு எழுத்தாளர் அதைத்தான் எழுதியிருப்பார். கதையில் உண்மையான அசைவு அதுதானே. ஜாய்ஸ் அசைவை முழுதாக விட்டுவிட்டு இரண்டு அசையாமைகளை அருகருகே வைக்கிறார். யன்னலில் இருந்த இருப்பும் கம்பியைப் பிடித்த பிடியும் ஒன்றே என்று நாம் உணர்வது அதனால்தான். அவள் துறைமுகம் வரை வந்தாள். ஆனால் யன்னலை விட்டு எழும்பவில்லை.

"அப்ப அவளுக்கு அவனிலை அவ்வளவு விருப்பம் இல்லைப் போலை," என்றாள் மருமகள்.

பலரும் வந்து சேரும் இடம் இது. பிராங்க் சொன்ன புவெனஸ் ஐரிஸ் வீடு உண்மைதானா என்று சந்தேகப்பட்ட விமர்சகர்களும் இருக்கிறார்கள். ஆனால் அசையாதவருக்கு உணர்ச்சி இல்லை என்று முடிவுகட்டுவது தேரைப் பார்க்கத் தெரியாதவர் பேச்சு. தேர்த்திருவிழாவில் வடத்தை நூற்றுக்கணக்கானோர் இழுக்கிறார்கள். தேர் ஒரு சாண் அசையவில்லை. இழுக்க ஆளில்லை என்றா சொல்வோம்? சில்லின் கீழே யாரோ ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறார்கள். கட்டை சிறியது. தேரின் பாரம் முழுவதும் அதன்மேல் ஏறி நிற்பதால் அதை உருவ முடியாது. இழுக்க இழுக்க இறுகும்.

ஈவ்லினின் முட்டுக்கட்டை, சாகிற தாயிடம் சொன்ன அந்த வாக்கு. சொன்னபோது அது ஆறுதலுக்குச் சொன்ன நாலு சொல். தாய் போன பிறகு அதைத் திருப்பி வாங்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் நான் உள்ளே போய் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மௌனியின் கதைகள். எஸ். மணி என்ற இயற்பெயர் கொண்ட மௌனி 1907இல் பிறந்தார், 1985இல் இறந்தார். கணிதம் படித்தவர், சங்கீதத்தில் தோய்ந்தவர், பிற்காலம் முழுவதும் சிதம்பரத்தில் வாழ்ந்தவர். வாழ்நாளில் எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். அவருடைய கதைத் தொகுப்புக்கு நீண்ட முன்னுரை எழுதியவர் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராம், பின்னாளில் பிரமிள். மௌனியை எப்படி வாசிப்பது என்று தமிழுலகத்துக்குச் சொன்ன குரல்களில் ஒன்று எங்கள் தீவிலிருந்து போனது என்பதை மருமகளுக்கு அழுத்திச் சொன்னேன்.

மௌனியின் ‘அழியாச்சுடர்’ 1937இல் மணிக்கொடி இதழில் வந்தது. அதுவும் யன்னலில்தான் தொடங்குகிறது. ஒருவன் யன்னலோரம் இருந்து, இலையுதிர்ந்த ஒரு மரம் வானத்தைத் துழாவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி இருக்கிறான். பார்க்க வந்த நண்பனிடம் தன் கதையைச் சொல்கிறான். ஒன்பது வருடங்களுக்கு முன், கோயிலில், சந்நிதியில், தன்னை ஈர்த்த பெண்ணின் காதில் விழும்படி, உனக்காக எதையும் செய்வேன் என்ற பொருளில் ஒரு வாக்கைச் சொன்னான். அவளும் கேட்டாள். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது வருடம் போயிற்று. மறுபடி அதே கோயில், அதே பெண். அவள் நிற்கிற நிலையே அந்தப் பழைய சொல்லைத் திருப்பிக் கேட்கிறதுபோல் இருக்கிறது. தூணில் செதுக்கிய யாளி மருண்டு எழுந்து நிற்பதுபோல அவனுக்குத் தெரிகிறது. கல் அசைகிறது. உயிரோடு இருக்கிறவன் கல்லாகிறான்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டப்ளின் பெண்ணும் தமிழ்நாட்டு இளைஞனும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் இரண்டு பேரையும் விறைக்க வைத்தது கொடுத்த வாக்கு. வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் அவளால் அசைய முடியவில்லை. அவன் அசையாமல் இருந்ததால் வாக்கு அவனைத் தேடிக்கொண்டு திரும்பி வருகிறது. அவளுடைய வாக்கு வீடு, சம்பளம், தம்பி தங்கை வயதுப் பிள்ளைகள் என்று தரையில் கால் ஊன்றி நிற்கிறது. அவனுடைய வாக்குக்குத் தரையே இல்லை. எதையும் செய்வேன் என்று சொன்னவனுக்கு எதைச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எல்லையில்லாத வாக்குக்குத் தொடங்கும் இடமும் இல்லை. ஜாய்ஸில் அசையாமைக்குக் காரணம் உலகத்தின் பாரம். மௌனியில் அந்தச் சொல்லின் பாரம் மட்டுமே.

இரண்டாவது கோப்பை தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. வெளிச்சவீட்டுப் பக்கம் வானம் சிவந்திருந்தது. 1916இல் கட்டிய கோபுரம் அது. அதன் காலடியில் நின்றுதான் இந்தக் கரை எத்தனையோ பயணங்களைப் பார்த்தது. போரால் ஏ9 வீதி அடைபட்ட காலங்களில் பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில்தான் சனம் போனது. நானும் ஒருமுறை வரிசையில் நின்றேன். பெயர் கூப்பிடும்போது எல்லோரும் முன்னால் நகர்ந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கையில் கடிதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. "போங்கோ அம்மா," என்றேன். என் முகத்தைப் பார்த்தார். என்னை அவர் காணவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது. ஈவ்லின் கதையைப் பல வருடம் முன்பே வாசித்திருந்தேன். அதன் கடைசி வரி என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஊரில் தங்கியவர்கள் எல்லோரும் அப்படியானவர்கள் அல்ல. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். ‘நான் போகமாட்டன், என்ரை வளவு இது’ என்று தெளிவாகச் சொல்லித் தங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடையது முடிவு, அதற்கு மரியாதை உண்டு. போகவும் முடியாமல் இருக்கவும் மனமில்லாமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் இவர்களைப் பற்றிப் பேசும்போது சொல்லைக் கலந்துவிடுகிறோம். ஏலாதவரை ‘மாட்டாராம்’ என்கிறோம். பிடிவாதக்காரி, பயந்தவள் என்று பேர் வைக்கிறோம். சில சமயம் அன்போடுகூட, ‘அவவுக்கு விருப்பமில்லை’ என்று அவர்கள் சார்பில் நாங்களே முடிவைச் சொல்லிவிடுகிறோம். ஒரு நல்ல சிறுகதை தரும் பயிற்சி இங்கேதான் வேலை செய்கிறது. வினைச்சொல்லைத் தெரிவுசெய்வதில் அவசரப்படாதே என்று அது எங்களுக்குச் சொல்கிறது.

ஜாய்சுக்கு இது தெரிந்திருந்தது. ‘ஈவ்லின்’ அச்சாகி ஒரு மாதம் ஆகுமுன்பே, 1904 அக்டோபரில், இருபத்திரண்டு வயது ஜாய்ஸ் நோரா பார்னக்கிள் என்ற பெண்ணோடு டப்ளினை விட்டுப் புறப்பட்டார். கலியாணம் ஆகவில்லை, போகிற ஊரில் வேலை உறுதியில்லை. கப்பல் ஏறியது கதையில் வருகிற அதே வடக்குச் சுவர்த் துறையில். நோரா ஏறினாள். ஏறுகிற பெண்ணுக்கும் ஏறாத பெண்ணுக்கும் இடையில் இருப்பது எவ்வளவு மெல்லிய ஒரு கோடு என்பதை அறிந்தவர் எழுதிய கதை இது. ஈவ்லினைப் பற்றி ஒரு கண்டனச் சொல்லும் அதில் இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மருமகள் நெடுநேரம் பேசவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, பெரியம்மா கனடாவுக்குப் போறதெண்டு எல்லாம் சரிவந்து, பிறகு நிண்டிட்டா. அவவுக்கு விருப்பமில்லை எண்டுதான் அம்மா எப்பவும் சொல்லுறவ."

"அம்மா சொல்லுறதைச் சொல்லட்டும். நீ பெரியம்மாவைக் கேட்டனியோ?"

"ஏன் போகேல்லை எண்டு கேட்டால் கோவிப்பா."

"ஏன் எண்டு கேளாதை பிள்ளை. ஏன் எண்டு கேட்டால் ஆக்கள் ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுவினம். அண்டைக்கு வெளிக்கிடேக்கை என்ன கண்ணிலை பட்டது எண்டு கேள். தூசியோ, படமோ, பாட்டோ, ஏதோ ஒண்டு இருக்கும்."

அவள் பேனையை எடுத்து ‘மறுத்தாள்’ என்ற சொல்லை ஒரே கோட்டில் வெட்டினாள். பக்கத்தில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. மிச்ச வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு எழும்பினாள்.

"பெரியம்மா வீட்டுப் பக்கத்தாலை போறன் மாமா. வசனத்தைப் பிறகு எழுதுறன்."